கையைக் கட்டி நின்ற பிள்ளைகள்

பெரிய வாத்தியார் இருந்தார். நாற்காலியில்.

மலைக்குக் கீழேயிருந்து பிள்ளைகளைச் சோதிக்க வந்த டீச்சர் இருந்தார். வாத்தியார் தன்னுடைய நல்ல நாற்காலியை அவருக்குக் கொடுத்திருந்தார்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி இருந்தார். பள்ளிக்கூடக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அவருக்கும் நாற்காலி.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் இருந்தார். ஜன்னலில் சாய்ந்து நின்றார்.

நான் இருந்தேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

என் மகள் இருந்தாள். ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

என் வீட்டுக்காரர் இல்லை. மலைக்கு மருந்து அடிக்கப் போயிருந்தார்.

தேயிலைக் கொழுந்து எடுக்கக் கத்தரி வந்த வருடம் அது. எழுபத்தொன்பதா எண்பதா என்று சரியாக நினைவில்லை. வேலை முடிந்து கத்தரியோடுதான் போயிருந்தேன். உள்ளே கொண்டுவராதே என்று கிராணி சொன்னதால் வாசலில் வைத்தேன்.

டீச்சர் தமிழ்ப் பிள்ளைதான். கோலாலம்பூரில் படித்தவர். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. மெதுவாக, நல்லவிதமாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்க மகளச் சோதிச்சுப் பார்த்தோம். வயசுக்கு ஏத்த வளர்ச்சி இல்ல. ஒன்பது வயசு உடம்பு. அறிவு அஞ்சு வயசுப் பிள்ளைக்குரியதுதான் இருக்கு. இது உங்க தப்பு இல்ல."

என் தப்பு என்று நான் சொல்லவில்லை.

"இவளுக்குச் சீக்கு ஏதும் இல்ல" என்றார் டிரசர். "கண்ணு நல்லாத் தெரியுது. காதும் கேக்குது."

"அதாங்க சொல்றேன்" என்றார் வாத்தியார். "சீக்குன்னா மருந்து கொடுக்கலாம். இது அப்படி இல்ல. இந்த மாதிரி ஏழு பிள்ளைங்க இருக்குங்க. பின்னால கொட்டகைய கிளீன் பண்ணித் தர்றோம். திங்கட்கிழமையிலேருந்து அங்க தனி வகுப்பு. மணி கோக்கலாம், காய்கறித் தோட்டம் போடலாம். அதுங்களும் சந்தோஷமா இருக்கும். எங்களுக்கும் சுமை குறையும்."

"புஸ்தகம்?" என்று கேட்டேன்.

"புஸ்தகத்தத் திருப்பிக் கொடுத்திடணும்."

"அஞ்சாம் வகுப்புப் பரீட்சை?"

வாத்தியார் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்தார்.

அந்தக் கொட்டகை எனக்குத் தெரியும். மண்வெட்டியும் உரமூட்டையும் வைத்த இடம். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் ஓடும். என் மகள் அங்கே போனால் பன்னிரண்டு வயது வரைக்கும் களை பிடுங்குவாள். பிறகு தோட்டத்தில் களை பிடுங்குவாள். அதற்குப் பெயர் தனி வகுப்பு.

"நல்லதுக்குத்தான் சொல்றாங்க" என்றார் கிராணி. "கையெழுத்துப் போடு. போடத் தெரியும்ல? இல்ல, பெருவிரலா?"

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அது அவருக்கும் தெரியும். சம்பள நாளில் ஒவ்வொரு மாதமும் அவர் முன்னால்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

"அவரக் கேட்டுட்டுப் போடுறேங்க" என்றேன்.

"புருசனக் கேட்டுத்தான் எல்லாம் செய்வியோ?"

"ஆமாங்க."

அவரைக் கேட்டு நான் ஒன்றும் செய்ததில்லை. ஆனால் கிராணியிடம் முடியாது என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரரைக் கேட்கணும் என்று சொல்லலாம். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வோம்.

"சரி, திங்கக்கிழமைக்குள்ள கொண்டா. மத்த ஆறு பேரும் போட்டாச்சு."

கத்தரியை எடுத்துக்கொண்டு நடந்தேன். மகள் பின்னால் வந்தாள்.

என் மகள் வெளியாள் முன்னால் வாய் திறக்கமாட்டாள். வீட்டில் மூடமாட்டாள். பிரிஞ்சாங் டவுன் கடையில் டின் பாலுக்கும் டின் எண்ணெய்க்கும் விலை பார்த்து என் காதில் சொல்வது அவள்தான். கடைக்காரரிடம் சொல்லமாட்டாள். எங்கள் லயத்தில் பெண்பிள்ளை அப்படி இருந்தால் நல்ல வளர்ப்பு என்பார்கள்.

தண்ணிக்குழாய் மேட்டில் நின்று கேட்டேன். "அந்த டீச்சர் ஒன்ன என்னா செய்யச் சொன்னாங்க?"

"மேசையில கலர் கட்டை வச்சிருந்தாங்கம்மா. சிவப்பு, வெள்ளை. சிலது பாதி சிவப்பு பாதி வெள்ளை. ஒரு படத்தக் காட்டி அதே மாதிரி அடுக்கச் சொன்னாங்க."

"அடுக்குனியா?"

"இல்ல."

"தெரியலையா?"

"தெரியும். கண்ணாலயே அடுக்கிட்டேன்."

"கையால ஏன் அடுக்கல?"

என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அது பெரிய வாத்தியார் மேசைம்மா."

அன்று காலையில் வாத்தியார் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். பெரிய இடத்திலிருந்து ஆள் வருகிறார்கள், கையைக் கட்டி நிற்க வேண்டும், மேசையில் இருக்கும் எதையும் தொடக்கூடாது, தொட்டால் பிரம்பு.

"டீச்சர்தான் எடுன்னு சொன்னாங்களே?"

"தொரை கூட மிட்டாய் எடுன்னு சொல்வாரு. நீங்க தலையாட்டுனாத்தான எடுக்கணும்? நான் வாத்தியாரப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவரு தலைய ஆட்டவே இல்ல. பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாரு."



தீபாவளிக்கு முதல் நாள் தோட்டத்தை நடத்தும் துரை லயத்துக்கு வருவார். மிட்டாய் டப்பாவை நீட்டி எடு எடு என்பார். பிள்ளை எடுக்கக்கூடாது. கையைக் கட்டி நின்று அப்பனையோ ஆத்தாளையோ பார்க்க வேண்டும். நாங்கள் தலையாட்டினால் ஒன்று எடுக்கலாம். தலையாட்டுவதற்கு முன்னால் கை நீட்டிய பிள்ளைக்கு வீட்டுக்குள் போனதும் அடி விழும். பிள்ளைக்கு மட்டும் இல்லை. என் சின்ன வயதில் என் அப்பா பெரட்டில் கையை இடுப்பில் வைத்து நின்றார் என்று அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் களத்தைத்தான் பெரட்டு என்போம். அவருக்கு முதுகு வலி. அதற்காகத்தான் இடுப்பில் கை வைத்தார். யாரும் கேட்கவில்லை.

அதனால் நானும் என் மகளுக்குக் கையைக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். கட்டாத கைக்கு இந்தத் தோட்டத்தில் என்ன கிடைத்தது என்று பார்த்தவள் நான்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்துக் கதவுக்காரி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு மகள். என் மகள் வகுப்புதான். அந்தப் பிள்ளை ஒரு இடத்தில் நிற்காது.

"ஒனக்குத் தெரியுமா லா? எம் மகதான் ஸ்கூல்லயே கெட்டிக்காரியாம். அந்த டீச்சர் சொல்லிட்டாங்களாம்."

"எப்படி?"

"கடைசியா அவளத்தான் கூப்பிட்டாங்களாம். போன ஒடனே கட்டையெல்லாம் அள்ளி மளமளன்னு அடுக்கிட்டாளாம். வெளிய வந்ததும் மேசையில கை வச்சதுக்கு வாத்தியாரு கிட்ட பிரம்படி. இங்க பாரு, இன்னொரு கூத்து."

முந்தானையிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை.

"பாவாடையில போட்டுக்கிட்டு வந்துட்டா. நான் பெத்தது கெட்டிக்காரி இல்ல லா, கள்ளி." விழுந்து விழுந்து சிரித்தாள். "இத எப்படித் திருப்பிக் கொடுக்கிறது? போய்க் கொடுத்தா இன்னும் நாலு அடி விழும்."

"எங்கிட்ட குடு" என்றேன்.

"நீ எங்க போவ?"

"பிரிஞ்சாங்."

டீச்சர் அங்கே மார்க்கெட் பக்கத்து ஓட்டலில் தங்கியிருந்தார். மறுநாள் காலை கீழே இறங்குவார் என்று டிரசர் சொல்லியிருந்தார்.

காலையில் பெரட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் பசியாறிவிட்டுக் கிளம்பும்போது மட்டும் சொன்னேன்.

"படிச்சவங்ககிட்ட போய் என்னா பேசப் போற?" என்றார்.

"தெரியல."

"ரகளை பண்ணாத."

"நீங்க வேலைக்குப் போங்க."

மெயின் ரோட்டில் நின்றோம். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி வந்தது. ஓட்டுகிற சீனரை எனக்குத் தெரியும். கை காட்டினால் நிறுத்துவார். மகளை மடியில் வைத்துக்கொண்டேன். கியா பார்ம் மேட்டில் பனி ரோட்டை மூடியிருந்தது. லோரி மெதுவாக ஊர்ந்தது. டீச்சர் கிளம்பிவிடுவாரோ என்று எனக்கு ஒவ்வொரு வளைவும் எரிச்சலாக இருந்தது.

ஓட்டலில் கவுண்டர்காரர் என் ரப்பர் பூட்ஸைப் பார்த்துவிட்டு வெளியே நில் என்றார். டீச்சருடைய சாமான் கொண்டுவந்திருக்கிறேன் என்று மலாயில் சொல்லி இரண்டு கட்டைகளைக் காட்டினேன். விட்டார்.

டீச்சர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. கட்டைகளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அய்யோ, நேத்து பூரா தேடினேனே. யாரு எடுத்தா?"

"கீழ கெடந்துச்சுங்க."

"ரொம்ப நன்றிம்மா. உட்காருங்க."

உட்காரவில்லை. "எம் மகளத் திரும்பச் சோதிங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அது முடியாதும்மா. ஒரு தடவ பார்த்த சோதனைய உடனே திரும்ப வைக்கக்கூடாது. பிள்ளைக்குப் பழகிடும், மார்க்கு தப்பா வரும். ஆறு மாசமாவது ஆகணும். அது விதி."

"ஆறு மாசத்துல கொட்டகையில களை பிடுங்கிக்கிட்டு இருப்பா."

"நான் நாலு தடவ எடு எடுன்னு சொன்னேன். அவ அசையவே இல்ல. கை ரெண்டும் கட்டினபடிதான் இருந்துச்சு. பேரு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல. நான் வேற என்ன எழுதுறது?"

"சோதனை வேணாம். கட்டைய மட்டும் வைங்க. சும்மா."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, பெட்டியைத் திறந்தார். ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டுக் கட்டைகளைப் பரப்பினார். படம் போட்ட அட்டையைப் பக்கத்தில் வைத்தார்.

"இது மாதிரி அடுக்கு, கண்ணு."

என் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள்.

நான் தலையாட்டவில்லை.

"அடுக்கும்மா. பயப்படாத."

என் மகள் என்னையே பார்த்தாள். நான் அப்படியே நின்றேன். ரோட்டில் காய்கறிக்காரர்கள் கூவுகிற சத்தம் உள்ளே கேட்டது.

"பார்த்தீங்களா?" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை, பாவம் பார்க்கிற குரல். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "நேத்தும் இப்படித்தான் நின்னா. நீங்க மனசத் தேத்திக்கணும்."

அப்போது தலையாட்டினேன்.

என் மகளுடைய கை இரண்டும் அவிழ்ந்தன. ஒரு கட்டையைத் தொட்டாள், திருப்பினாள், வைத்தாள். அடுத்தது. அடுத்தது. கொழுந்து எடுக்கிற கை மாதிரி போனது. முடித்துவிட்டுத் திரும்பக் கையைக் கட்டினாள்.

டீச்சர் வேறு அட்டை வைத்தார். என் மகள் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன், அடுக்கினாள். மூன்றாவது அட்டை வைத்தார். அது பெரிய படம். அதில் ஒரு தடவை தப்பாக வைத்துக் கலைத்து மறுபடி அடுக்கினாள். டீச்சருடைய டீ ஆறிப்போனது.

"என்னம்மா பண்ணீங்க?"

"தலையாட்டினேன்."

துரை மிட்டாயைச் சொன்னேன். வாத்தியார் பிரம்பைச் சொன்னேன். எல்லாம் சேர்த்து நாலு வார்த்தைதான் இருக்கும்.

"இத யாருமே எங்கிட்ட சொல்லலையே" என்றார்.

"நீங்க கேக்கல."

அவர் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காகிதம் எடுத்து வாத்தியாருக்கு எழுதினார். இந்தப் பிள்ளை வகுப்பிலேயே இருக்கட்டும், முடிவை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஆறு மாதம் கழித்து நான் வந்து பார்க்கிறேன் என்று எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"மத்த ஆறு பேரு?" என்று கேட்டேன்.

"அவங்க பெத்தவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்களே."

"அவங்க பிள்ளைங்களும் கையக் கட்டிக்கிட்டுத்தான நின்னுச்சுங்க?"

"நின்னாங்க. ஆனா எல்லாருக்கும் அதே காரணம்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒண்ணு ரெண்டு பேருக்கு நெஜமாவே உதவி தேவைப்படலாம்."

அதில் பொய் இல்லை. மேல் லயத்துப் பையன் ஒருவனுக்கு வலிப்பு வரும். இன்னொரு பிள்ளை ஏழு வயதுவரை பேசவில்லை.

"அப்போ யாரு எவருன்னு வந்து பாருங்க. லோரி இருக்கு. இப்பவே போலாம்."

"பத்து மணிக்கு எனக்குக் கார் வருதும்மா. கீழ இன்னொரு பள்ளிக்கூடம் காத்துக்கிட்டு இருக்கு. ஆறு மாசத்துல கண்டிப்பா வர்றேன்."

"அந்த ஆறு மாசம் அதுங்களோடது" என்றேன். "ஒங்களோடது இல்ல."

டீச்சர் என் மகளுக்கு ஒரு ரொட்டி நீட்டினார். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை.

காகிதத்தைக் கொடுத்தபோது வாத்தியார் இரண்டு தடவை படித்தார். "டவுனுக்குப் போயி பேசுற அளவுக்கு ஆளாயிட்ட" என்றார். கிராணி எனக்கு ஒரு வாரம் செங்குத்து மலையில் வேலை போடச் சொன்னார். போய்ச் செய்தேன். என் மகளின் புத்தகம் அவளிடமே இருந்தது. எனக்கு அது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

போதவில்லை. ஆறு வீட்டுக்கும் போனேன். தலையாட்டல் விஷயத்தைச் சொன்னேன்.

"படிச்சவங்க எழுதிட்டாங்க லா" என்றாள் ஒருத்தி. "நாம போயி அழிங்கன்னா கிராணி சும்மா விடுவாரா? ஒனக்குச் செங்குத்து மலை. எனக்கு முட்டி வலி."

"கொட்டகையில மத்தியானம் பிஸ்கட் குடுக்குறாங்களாம்" என்றான் ஒரு அப்பன்.

இன்னொருத்தி சொன்னாள்: "எம் மவன் எப்படியும் களை பிடுங்கத்தான் போறான். இப்பவே பழகட்டுமே." அவளை வாயில் வந்தபடி ஏசினேன். ஒரு வருடம் அவளும் நானும் பேசவில்லை. தண்ணிக்குழாயில் அவள் வாளிக்குப் பின்னால் என் வாளியை வைக்கவும் மாட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கொட்டகையை எட்டிப் பார்த்தேன். சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராகக் கலர்க் காகித நட்சத்திரம் ஒட்டியிருந்தது. அது டீச்சர் விட்டுப்போன முறை என்று கொட்டகையைப் பார்த்துக்கொண்ட சின்ன வாத்தியார் சொன்னார். பயந்த பிள்ளை தானாக வாய் திறந்து பேசினால், தானாக ஒரு பொருளை எடுத்துச் செய்தால், ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். அதைப் பார்த்துப் பிள்ளைக்குத் தைரியம் வரும். டீச்சர் அப்படித்தான் எழுதிவைத்திருந்தாராம்.

"இதுங்க பேசிச்சா?" என்று கேட்டேன். ஒவ்வொரு வரியிலும் நட்சத்திரம் நெருக்கமாக இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பெரிய வாத்தியாரு கொஞ்சம் மாத்திட்டாரு. சத்தம் போடாம கையக் கட்டி ஒக்காந்தா ஒரு நட்சத்திரம்."

உள்ளே பார்த்தேன். மூன்று பெண்பிள்ளைகள், மூன்று பையன்கள். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் கை கட்டியிருந்தது. ஒரு சத்தம் இல்லை.

கையைக் கட்டினாள் என்று புத்தகத்தைப் பிடுங்க வந்தார்கள். அதே கையைக் கட்டினால் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். கத்தரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அட்டையைக் கிழித்திருக்கலாம். கிழித்தால் மகளுடைய புத்தகம் போகும். கிழிக்கவில்லை.

ஆறு மாதம் ஆனது. டீச்சர் வரவில்லை. கலியாணமாகிப் போய்விட்டார் என்று டிரசர் சொன்னார். வேறு யாரும் வரவில்லை. முடிவை நிறுத்தி வைத்த காகிதம் அப்படியே நின்றது. என் மகள் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். ஆறாம் வகுப்பு முடித்து டவுன் பள்ளிக்கூடம் போனாள். பெரிய ஆளாக வரவில்லை. கீழே சட்டைத் தொழிற்சாலையில் வேலை, சூப்பர்வைசர். தீபாவளிக்கு வரும்போது அவளுடைய சின்னப் பிள்ளை யாரையும் பார்க்காமல் தட்டில் கையை விட்டு முறுக்கை எடுக்கும். அவள் என்னைப் பார்ப்பாள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கொட்டகை நடந்தது. புதுப் பிள்ளைகள் யாரையும் சேர்க்கவில்லை. முதலில் போனவர்கள் வயது வந்ததும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கொட்டகை மறுபடி மண்வெட்டிக்கும் உரத்துக்கும் ஆனது.

எண்பத்தாறிலோ ஏழிலோ ஒரு காலை. பெரட்டுக் களத்தில் பனி. அப்போது துரை வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரர்தான். கை கட்டுவது மாறவில்லை. களைவெட்டு வரிசை எனக்கு எதிரில் நின்றது. இள வயது ஆட்கள். துரையின் கார் வந்து நின்றதும் எல்லாரையும்விட முதலில் கையைக் கட்டியவர்களைப் பார்த்தேன். முகம் தெரிந்தது. மேல் லயத்துப் பையன். முட்டி வலிக்காரி மகள். நான் ஏசினேனே, அவளுடைய மகன். இன்னும் மற்றவர்கள். ஒருவரும் தப்பவில்லை.

ஒரு தடவை எண்ணினேன்.

ஆறு.